கோபன்ஹேகனில் நான்கு இரவு, உறவினர் இல்லை

கோபன்ஹேகனின் தெருக்களை நான் எங்கள் மொட்டைமாடியில் உட்கார்ந்துதான் மனப்பாடம் செய்தேன். எங்கள் வீட்டில் அங்கேதான் சிக்னல் நிற்கும். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் ஒரு சாக்கை விரித்துக்கொள்வேன். எதிரே கரும்பு, அதற்கு அப்பால் பாகூர் போகிற பஸ்ஸின் ஹாரன், மடியில் லேப்டாப். அதில் ரயில் நிலையத்திலிருந்து துறைமுகம் வரைக்கும் சின்னச் சின்னக் கட்டில் படங்களாக ஓட்டல்கள்.

எங்கள் பக்கத்து போர்த் தண்ணீரில் உப்பு ஏறுவதைப் பற்றி முதுகலைக்காக ஓர் ஆய்வு செய்திருந்தேன். பாகூரிலிருந்து சோரியாங்குப்பம் வரைக்கும் சைக்கிளில் போய், மோட்டார் கொட்டகை மோட்டார் கொட்டகையாக பாட்டிலில் தண்ணீர் பிடித்த ஆய்வு. அதைக் கோபன்ஹேகனில் நடக்கும் ஒரு கருத்தரங்கில் வந்து சொல்லச் சொல்லிக் கடிதம் வந்தது. போக வரச் செலவும் தங்கும் செலவும் அவர்களுடையது. ஆனால் ஓட்டலை நாமே தேர்ந்தெடுத்து, பதிவு செய்து, அந்தத் தாளை விசாவுக்குக் காட்ட வேண்டும். நவம்பர் கடைசியில் நான்கு இரவு.

எதையும் அளவோடு செய்யத் தெரியாது எனக்கு. நூற்றுக்கணக்கான விமர்சனங்களைப் படித்தேன். ஓர் ஓட்டலில் சுவர் மெல்லியது, பக்கத்து அறைக்காரர் தும்மினால் கேட்கும் என்று ஒருவர் எழுதியிருந்தார். இன்னொன்றில் சோப்பு உண்டு, துண்டு உண்டு, ஜன்னல் இல்லை. ஓர் அறை பன்னிரண்டு சதுர மீட்டர் என்று போட்டிருந்தது. கீழே இறங்கிப் போய் எங்கள் சமையலறையை டேப்பால் அளந்தேன். சமையலறை பெரியது.

"ஜன்னல் இல்லாத ரூமா? அது இன்னா, உர கோடவுனா?" என்றார் அப்பா.

"அங்க அப்படித்தான்பா. கொஞ்சம் மலிவா குடுப்பான்."

"மலிவுலாம் வேணாம். நீ நல்ல லாட்ஜா பாரு."

அப்பா கரும்பும் நெல்லும் போடுகிறவர். வாழ்நாளில் ஒரு லாட்ஜில் தங்கியதில்லை. திருப்பதிக்குப் போனபோதுகூட மண்டபத்தில் துண்டை விரித்துப் படுத்தவர். அவருக்கு எதற்கு நல்ல லாட்ஜின் மேல் இவ்வளவு அக்கறை என்பது எனக்கு உடனே புரியவில்லை. புரிந்தபோது பிடிக்கவில்லை.

ஓட்டல் தேடிய அத்தனை நாளும் வரைபடத்தில் இன்னோர் இடத்தையும் நான் திறந்தே வைத்திருந்தேன். வால்பி என்ற பகுதி. மத்திய ரயில் நிலையத்திலிருந்து மேற்கே ரயிலில் சில நிமிடம். எந்த ஓட்டலைப் பார்த்தாலும் முதலில் அங்கிருந்து வால்பிக்கு எவ்வளவு தூரம் என்று பார்ப்பேன், பிறகுதான் மெத்தையைப் பார்ப்பேன். அக்கா வால்பியில் இருக்கிறாள்.

அக்கா என்றால் பெரியப்பாவின் மகள். அப்பாவோடு பிறந்தவர் பெரியப்பா ஒருவர்தான். அவருக்கு அவள் ஒருத்தி, எங்கள் வீட்டில் நான் ஒருத்தி. பெரியப்பா வீடு பாகூரில். பத்தாம் வகுப்புக் கணக்கு முழுவதையும் அந்த வீட்டின் கூடத்தில் அக்காவின் எதிரே உட்கார்ந்துதான் போட்டேன். தப்பாகப் போட்டால் அவள் அடிக்க மாட்டாள். ஸ்கேலை என் கையில் கொடுத்து, "நீயே அடிச்சிக்கோ" என்பாள். நான் மெதுவாகத் தட்டிக்கொண்டால், "அவ்ளோதான் தப்பா?" என்று கேட்பாள்.

அவள் கல்யாணத்துக்கு நாங்கள் போகவில்லை. பத்திரிகை வைக்க அவர்கள் வந்த நாளில் நாங்கள் வீட்டில் இல்லை. திரும்பி வந்தபோது பத்திரிகை ஜன்னல் கம்பியில் செருகியிருந்தது. கூட வெற்றிலை இல்லை, பாக்கு இல்லை. கூடப் பிறந்த தம்பிக்குத் தட்டில் வைத்துக் கையில் கொடுக்க வேண்டிய பத்திரிகை. அப்பா அதை எடுக்கவே இல்லை. "கரண்டு பில்லா, கம்பில சொருவிட்டுப் போறதுக்கு?" என்றார். அவர்கள் மறுபடி வருவார்கள் என்று இவர் இருந்தார். பத்திரிகை வைத்தாயிற்று என்று அவர்கள் இருந்தார்கள். கல்யாணத்தன்று காலை நான் பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு மத்தியானம் வரைக்கும் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். அந்த நாளிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. அக்கா கணவனோடு டென்மார்க் போனதுகூட ஊரார் சொல்லித்தான் தெரியும்.

ஆனால் அவள் நம்பர் என்னிடம் இருந்தது. அவள் வைக்கிற ஸ்டேட்டஸை நான் பார்ப்பேன், நான் வைப்பதை அவள் பார்ப்பாள். இத்தனை வருடமும் எங்களுக்குள் இருந்தது அவ்வளவுதான். கருத்தரங்குக் கடிதம் வந்ததும் அதைப் படமெடுத்து, ஊரின் பெயர் பெரிதாகத் தெரிகிற மாதிரி ஸ்டேட்டஸ் வைத்தேன். யாருக்காக வைத்தேன் என்று எனக்குத் தெரியும். பார்த்தவர்கள் பட்டியலில் அரை மணி நேரத்தில் அவள் பெயர் வந்தது. வார்த்தை எதுவும் வரவில்லை. அவள் கேட்கட்டும் என்று நான் இருந்தேன். அப்பாவின் பெண்தானே நான்.

அப்பா நல்ல லாட்ஜ் கேட்டதன் காரணம் இதுதான். அண்ணன் மகள் இருக்கிற ஊரில் தன் மகள் லாட்ஜில் தங்கப்போகிறாள் என்பதை ஊர் பார்க்க வேண்டும். அவருடைய கணக்கில் அது பதில் பத்திரிகை. நான் எதையும் பதிவு செய்வதற்கு முன்பே, ஒரு நாள் விடிந்ததும் டீக்கடைக்குப் போய், "அஞ்சு மாடி லாட்ஜுபா. காலைல டிபன் அவனே போட்றான்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "பொம்பளப் புள்ள லாட்ஜுல தங்குதுன்னு டீக்கடைல போயி யாராவது சொல்லுவாங்களா? உங்களுக்கு இன்னா ஆச்சு?"

"வெளிநாட்டு லாட்ஜுடி."

"லாட்ஜு லாட்ஜுதான்."

துறைமுகத்துக்குப் பக்கத்தில், கருத்தரங்கு நடக்கிற இடத்துக்கு நடந்து போகிற தூரத்தில் ஒன்றைப் பதிவு செய்தேன். ஜன்னல் உண்டு, காலை உணவு உண்டு, குறிப்பிட்ட நாள் வரைக்கும் ரத்து செய்துகொள்ளலாம். பிறகு விசா விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தேன். ஓட்டல் முகவரி எழுதிய பக்கத்துக்கு அடுத்ததிலேயே அந்தக் கேள்வி இருந்தது.

"அப்பா, டென்மார்க்ல சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களான்னு கேட்டுருக்கான்."

அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு மாடிக்கு வந்து கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "இல்லன்னு போடு."

"அக்கா இருக்குதேப்பா."

"எந்த அக்கா?"

அம்மா புடைத்துக்கொண்டிருந்த முறத்தை நிறுத்தினார். "எந்த அக்காவா? வரிசையா நாலஞ்சு அக்கா கீறாங்களா டென்மார்க்ல?"

அப்பா அம்மாவைப் பார்க்காமல் எனக்கு மட்டும் விளக்கினார். "அது கட்டிக்குடுத்த பொண்ணு. வேற வூட்டு ஆளு. நாளைக்கு அந்த வூட்டுல ஒன்னு ஆச்சுன்னா நமக்குத் தீட்டு உண்டா? கெடையாது. தீட்டே இல்லாத எடத்துல சொந்தம் எங்கேர்ந்து வரும்? இல்லன்னு போடுமா, தப்பில்ல."

பங்காளிகளுக்குள் சண்டை எவ்வளவு இருந்தாலும் தீட்டு மட்டும் அறுபடாது. போன வருடம் பங்காளி வகையில் ஒருவர் இறந்தபோது எங்கள் வீடும் பெரியப்பா வீடும் பதினாறு நாள் கோயில் பக்கம் போகவில்லை. பேச்சு இல்லை, தீட்டு இருந்தது. அதையே திருப்பிப் போட்டு அப்பா ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். அக்கா கல்யாணமாகி வேறு குலத்துக்குப் போய்விட்டவள், அவள் வீட்டுச் சாவும் பிறப்பும் நம்மைத் தொடாது, தொடாதவள் உறவில்லை. டென்மார்க்காரனுக்குத் தீட்டுக் கணக்கு எப்படித் தெரியும் என்று எனக்குச் சிரிப்புதான் வந்தது.

சிரித்துக்கொண்டே அந்தக் கட்டத்தை மறுபடி பார்த்தேன். ஆம் என்றால் கீழே இன்னும் கட்டங்கள் திறந்தன. பெயர், முகவரி, தொலைபேசி, என்ன உறவு. முகவரிக்கு அவளிடம் கேட்க வேண்டும். கேட்பதென்றால் நான்தான் முதலில் பேச வேண்டும். இல்லை என்றால் ஒரே தட்டு, அடுத்த பக்கம். நான் அவசரக்காரி. தட்டினேன்.

சென்னையில் விசா மையத்தில் ஒரு பெண் என் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். ஓட்டல் பதிவைப் பார்த்தாள், தேதிகளைப் பார்த்தாள். "டென்மார்க்ல ரிலேட்டிவ்ஸ் யாரும் இல்ல?" என்றாள், நிமிராமலேயே.

"இல்ல" என்றேன்.

வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. குரல் கொஞ்சம்கூட இடறவில்லை. திரும்பி வருகிற பஸ்ஸில் திண்டிவனம் தாண்டும் வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

விசா வந்தது. அம்மா பாஸ்போர்ட்டைச் சாமி படத்தடியில் வைத்துக் கற்பூரம் காட்டினார். அப்பா டீக்கடைக்குப் போனார்.

அதற்கு அடுத்த வாரம் பாகூர் பஸ் ஸ்டாப்பில் மழைக்கு ஒதுங்கி நின்றிருந்தேன். பக்கத்தில் ஒரு குடை மடங்கியது. பெரியம்மா. கல்யாணத்துக்குப் பிறகு அவ்வளவு அருகில் அவரைப் பார்த்ததில்லை. நான் நகர்வதா நிற்பதா என்று தெரியாமல் நின்றேன்.

"ஏண்டி" என்றார், ரோட்டைப் பார்த்தபடி. "எம் பொண்ணு இருக்கற ஊருக்குப் போயி லாட்ஜுல படுப்பியாமே."

நான் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தேன்.

"உங்கப்பன் டீக்கடைல சொன்னா பாகூர் வரைக்கும் கேக்குது. அவங்க அண்ணன் தம்பி என்னமோ பண்ணிக்கட்டும். நீ சொல்லு. எம் பொண்ணு உன் ஊருக்கு வந்து ஓட்டல்ல தங்குனா உனக்கு எப்டி இருக்கும்?"

"நீங்க வெத்தல வைக்காம ஜன்னல்ல சொருவிட்டுப் போனீங்கன்னு…" என்று ஆரம்பித்தேன். எனக்கே அசட்டுத்தனமாக இருந்தது.

பெரியம்மா அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். "யாருடி சொன்னது? வெத்தல, பாக்கு, மஞ்சக் கெழங்கு எல்லாம் வெச்சிதான் சொருவுனோம். ராகு காலம் வந்துடப் போவுதுன்னு உங்க பெரியப்பா குதிச்சாரு."

அந்த ஜன்னலுக்குக் கீழே அந்த நாளில் அம்மா இரண்டு ஆடு கட்டி வைத்திருந்தார். எனக்கு அது நினைவுக்கு வந்தபோது சிரிப்பதா என்று தெரியவில்லை. பெரியம்மாவிடம் சொல்லவும் இல்லை. ஏனென்றால் அதற்குள் அவர் வேறு ஒன்று சொன்னார்.

"ஏழாவது மாசம்டி அவளுக்கு."

கண் படும் என்று அக்கா ஸ்டேட்டஸில் எதையும் காட்டியிருக்கவில்லை. போன மாதம் முழுவதும் அவள் வைத்தது மரங்களின் படம்தான்.

"கூட மாட ஒரு ஆள் இல்ல. நானும் விசாக்குப் போட்டேன். பொண்ணு அங்க இருக்குது, பிரசவம் பாக்கப் போறேன்னு உள்ளத உள்ளபடிதான் எழுதுனது. வரல. உனக்கு எப்டிடி குடுத்தான்?"

அவர் பொறாமையில் கேட்கவில்லை. வழி தெரிந்தால் தானும் அப்படிப் போட்டுப் பார்க்கலாம் என்றுதான் கேட்டார். மழை ஷெட்டின் தகரத்தில் சத்தமாக விழுந்துகொண்டிருந்தது.

"கான்ஃபரன்ஸுக்குன்னு போட்டேன் பெரியம்மா" என்றேன். மீதியைச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை அதே நேரத்துக்கு அங்கே வரச் சொன்னார். போனேன். பழைய வேட்டித் துணியில் சுற்றிய அட்டைப் பெட்டி ஒன்று கொடுத்தார். உள்ளே பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல். "வளகாப்புன்னு ஒன்னும் செய்யல. நீ போட்டு வுட்டுட்டு வா. கை வீங்கியிருக்கும், சோப்பு தடவி ஏத்து. இழுக்காத. ஒடையக் கூடாது."

"கல்யாணம் ஆவாதவ போடலாமா பெரியம்மா?"

"அங்க வேற யாரு கீறா? பக்கத்து வூட்டு வெள்ளக்காரியக் கூப்புட்டா போடச் சொல்லுவேன்?" என்றார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அளவு கல்யாணத்துல வாங்குனதுதான். இப்ப ஏறுமோ என்னமோ" என்றார்.

வீட்டில் பெட்டியை ஒளித்து வைக்கவில்லை. கூடத்தில் வைத்துவிட்டுச் சொன்னேன். ஏழாவது மாதம் என்பதையும் சொன்னேன், ஆட்டையும் சொன்னேன். அம்மாதான் முதலில் பேசினார். "தின்னுருக்கும். அந்தக் கருப்பு ஆடு துணியையே தின்னும்."

"ஆடு தின்னுச்சுன்னே வெச்சுக்க" என்றார் அப்பா. "ஆளு திரும்பி வந்துருக்கணும் இல்ல?"

"நீங்க போயிருக்கணும் இல்ல?" என்றார் அம்மா.

அப்பா என்னிடம் திரும்பினார். "ரூம் போட்டுட்ட இல்ல. அங்கயே தங்கு. அவங்க வூட்டு வாசப்படி ஏறாத. நான் ஊர்ல சொல்லிட்டேன்." கொஞ்ச நேரம் கழித்து, "எத்தினி மாசம்னு சொன்ன?" என்றார். ஏழு என்றேன். நாற்றங்காலில் தண்ணீர் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே போனார். மூன்று நாளாக மழை பெய்துகொண்டிருந்தது. நாற்றங்காலில் பார்க்கத் தண்ணீர் ஒன்றும் பாக்கியில்லை.

நான் மாடிக்குப் போய் அக்காவுக்கு எழுதினேன். 'அக்கா, அடுத்த மாசம் அங்க வரேன். உன்னைப் பாக்கணும்.'

உடனே பதில் வந்தது. 'ஸ்டேட்டஸ்ல பாத்தேன். நீயே சொல்லுவன்னு ரெண்டு மாசமா பாத்துகினு இருக்கேன். எந்த ஓட்டல்?'

லிங்க் அனுப்பினேன். 'ஜன்னல் இருக்கு' என்றும் எழுதினேன்.

'எட்டு மணி ஆவும் இங்க விடியறதுக்கு. நாலு மணிக்கு இருட்டிடும். ஜன்னல வெச்சி இன்னாடி பண்ணப் போற?'

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் குரல் அப்படியே இருந்தது. அடுத்தடுத்து எழுதினாள். குளிருக்கு என்ன வைத்திருக்கிறாய், ஷூவில் தண்ணீர் புகுமா, புளி கொண்டு வா. பிறகு இது வந்தது.

'அம்மாவோட ஃபார்ம் நாந்தான் ஃபில் பண்ணேன். இங்க சொந்தக்காரங்க இருக்காங்களான்னு ஒரு எடம் வரும். உனக்கும் வந்துருக்குமே. இன்னா போட்ட?'

பொய் சொல்ல ஐந்தாறு வழி இருந்தது. அந்தக் கேள்வியே எனக்கு வரவில்லை என்று சொல்லலாம். மாணவர்களுக்கு வேறு ஃபார்ம் என்று சொல்லலாம். அப்பா போடச் சொன்னார் என்பது பொய்கூட இல்லை, அதையாவது எழுதலாம். எழுதி அழித்தேன். அப்பா கையைத் துடைத்துக்கொண்டே சொன்னதோடு சரி. தட்டியது என் விரல். மையத்தில் சொன்னது என் வாய்.

'இல்லன்னு போட்டேன்' என்று அனுப்பினேன்.

இரண்டு டிக்கும் நீலமானது. பதில் இல்லை. அன்று இல்லை, மறுநாள் இல்லை, அதற்கு மறுநாளும் இல்லை. மரங்களின் படமும் நின்றுபோனது. நான் சும்மா இருக்கத் தெரியாதவள். துறைமுக ஓட்டலை ரத்து செய்துவிட்டு, வால்பி ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒன்றைப் போட்டேன். கருத்தரங்குக்கு இனி ரயிலில் போக வேண்டும். அறை எங்கள் சமையலறையில் பாதி. ஜன்னல் இல்லை.

நான்காம் நாள் காலை பதில் வந்தது.

'இல்லன்னு எழுதிட்ட. இல்லாத வூட்டுல எப்படி வந்து தங்குவ? ஓட்டல்லயே இரு. நான் அங்க வரேன். காலைல சாப்பிட ஒரு ஆளு கூட வரும்னு சொல்லி வை.'

சிரிக்கிற முகமும் இல்லை, கோபப்படுகிற முகமும் இல்லை. அதை எத்தனை தடவை படித்தாலும் எந்தக் குரலில் படிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஸ்கேலைக் கையில் கொடுக்கிறபோதும் அவள் முகம் அப்படித்தான் இருக்கும்.

வால்பி ஓட்டலின் லிங்கை அவளுக்கு அனுப்பிவிட்டு, ஓட்டலுக்கு எழுதிக் கேட்டேன். மரியாதையாகப் பதில் போட்டார்கள். காலை உணவு ஏழு முதல் பத்து வரை. தங்கும் விருந்தாளியோடு வெளியாள் ஒருவர் வந்து சாப்பிடலாம். வெளியாள் ஒருவர் என்று குறித்துக்கொண்டதாக எழுதியிருந்தார்கள்.

கிளம்ப இன்னும் எட்டு நாள். வளையல் பெட்டி ஸ்வெட்டர்களுக்கு நடுவில் இருக்கிறது. அப்பா அதைத் தாண்டித் தாண்டிப் போகிறார், தொடவில்லை. ஊரிலும் அவர் இப்போது லாட்ஜைப் பற்றிப் பேசுவதில்லை என்று அம்மா சொல்கிறார். ஏழு மணிக்கு அவள் வந்தால், எட்டே காலுக்கு நான் ரயிலேற வேண்டும். அந்த ஒன்றேகால் மணி நேரத்தில், நாலு பேர் ரொட்டி தின்கிற இடத்தில் வளையல் போட முடியாது. அறைக்குத்தான் கூட்டிப் போக வேண்டும். அவள் வருவாளா, அதுவே தெரியாது. வந்தால் கட்டிலில் அவள் உட்காருவாள். நான் நிற்க இடம் இருக்கிறதா என்று அறையின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிறகு வசதிகளின் பட்டியலைத் திறந்தேன். துண்டு உண்டு. சோப்பு உண்டு.

'வளையல் அளவு இன்னும் அதேதானா அக்கா?' என்று நேற்றுக் கேட்டிருக்கிறேன். நீல டிக் விழுந்திருக்கிறது.